பச்சைத் திரையின் வலது ஓரம்

ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றிவிட்டு, ஓடுமா என்று தெரியாத ஒன்றைப் பூட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் எங்களுடையது. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையில் சண்டைக் காலத்தில் மன்னாரில் ஒரு நிவாரணக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை செய்தேன். இடம்பெயர்ந்த குடும்பங்கள் எந்த முகாமில் இருக்கின்றன என்ற பட்டியல் கொழும்பில் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. டெலிபோன் லைன் வழியாக அதை இங்கிருந்து பார்க்க ஒரு புரோகிராம். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து; பச்சைத் திரை என்றே எல்லோரும் சொல்வோம். அதைச் செய்த கொம்பனி, இனி அதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிவிட்டது. ஒரு கிழமைக்குள், அதாவது ஏழு நாளுக்குள், புதியதைப் போடும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது.

அந்தக் கிழமையும் முத்தையா வந்துகொண்டுதான் இருந்தார். பெரியமடுவில் கூலி வேலை செய்தவர். ஷெல் விழுந்த நாளில் அவர் வயலில் நிற்க, மனைவி இலட்சுமியும் இரண்டு பிள்ளைகளும் சனத்தோடு சனமாக வேறு பக்கம் போய்விட்டார்கள். மூன்று கிழமையாகக் காலையில் வந்து, இலட்சுமியின் பெயர் வந்துவிட்டதா என்று கேட்பார். பட்டியல் பார்க்கிற பெலிசித்தா அக்கா தேடிவிட்டு, இல்லை என்பார்.

படமில்லாத சீடி

புதிய புரோகிராம் சீடியில் வந்தது. வந்தது என்றால், நான்தான் மதவாச்சி வரை போய் வாங்கி வந்தேன். வழியில் சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்த சிப்பாய் சட்டை, சோப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சீடியைப் பிடித்துக்கொண்டான். தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்கள். திரையில் ஒரு நீலப் பெட்டி வந்து புரோகிராமின் இலக்கம் கேட்டது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். ஒரு திரையைப் பார்க்கிற புரோகிராம் பழசாகிவிட்டது, அதே திரையைப் பார்க்க இது புதுசு என்றேன். அதே திரையா என்று கேட்டார்கள். அதேதான் என்றேன்.

மூன்று மணித்தியாலம் ஒரு மர வாங்கில் இருத்தி வைத்தார்கள். சீடியைத் திருப்பித் தந்தபோது அந்தச் சிப்பாய்க்கு என்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது; ஐயா என்று சிங்களத்தில் மரியாதையாகவே கேட்டான்.

"படம் இல்லை, பாட்டு இல்லை, பழசு மாதிரியேதான். அப்ப இது எதுக்கு மாத்தயா?"

மாதா இருக்கும் விசை

பச்சைத் திரையில் எழுதியதைக் கொழும்புக்கு அனுப்ப, விசைப்பலகையின் வலது மூலை விசையை அமத்தவேண்டும். அந்த விசையில் பெலிசித்தா அக்கா மடு மாதாவின் சின்னப் படம் ஒன்றை ஒட்டியிருந்தார். லைன் நினைத்தபடி அறுகிற ஊரில் அதைவிட வேறு துணை இல்லை என்பது அவருடைய கட்சி. புதியதில் அனுப்புவதற்கு என்ரர் விசை. அக்காவின் விரலோ மாதாவிடமே போனது. திரை அசையவில்லை.

படத்தை உரித்து என்ரரில் ஒட்டுவோம் என்றேன். மாதாவைக் கிழித்துவிட்டு எந்த முகத்தோடு பூசைக்குப் போவது என்று கேட்டார். சரி, விசைகளையே மாற்றுவோம் என்று பழைய புரோகிராமின் கையேட்டைத் தேடினால், அது அக்காவின் மேசைக் காலுக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. எடுத்தால் மேசை ஆடும் என்றார். விட்டுவிட்டேன். வரிகளின் கடைசியில் நிற்கிற சின்ன அம்புக்குறி புதியதிலும் வருமா என்று வேறு கேட்டார். முன்பும் ஒருமுறை கேட்டவர்தான். அது பழைய புரோகிராமின் கோளாறு, கவனிக்க வேண்டாம் என்று முன்பு சொன்னதையே திரும்பவும் சொன்னேன்.

அரை நாள் மல்லுக்கட்டி, அனுப்புகிற வேலையை மாதா இருந்த விசைக்கே கொடுத்தேன். அவ்வளவு நேரமும் முத்தையா வாசலில் நின்றார். அக்கா அமத்திப் பார்த்தார், போனது. எனக்கு ஒரு நன்றி வரும் என்று நின்றேன்.

"பாத்தீங்களே தம்பி, மாதா எங்களைக் கைவிடேல்லை."

ஒரே லைன்

பழையது லைன் அறுந்தாலும் கடைசியாகக் காட்டியதை வைத்துக்கொண்டிருக்கும். புதியது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கடவுச்சொல் கேட்கும். மூன்று தரம் பிழையாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். மாற்றி இரண்டாம் நாளே, பட்டியலைத் திறந்து பார்க்குமுன்பே, பூட்டிக்கொண்டது.

கொழும்பில் இதற்கென்று இருந்த பெடியனுக்கு டெலிபோன் எடுத்தேன். கம்ப்யூட்டரை லைனில் வைத்துக்கொண்டே தன்னோடு பேசினால்தான் பார்க்கலாம் என்றான். எங்களிடம் இருப்பதே ஒரு லைன்தான், அதில்தான் இப்போது பேசுகிறேன் என்றேன். செல்போனில் எடுக்கச் சொன்னான். சிக்னலை வெட்டி நாளாகிவிட்டது என்றேன். பக்கத்தில் யாரிடமும் போன் இல்லையா என்றான். பக்கத்தில் இருப்பது இராணுவக் காவலரண் மட்டும்தான் என்றேன். அவன் விடவில்லை.

"அங்க போன் இருக்கும்ல அண்ணே?"

எறும்பு எழுத்து

அவன் திறந்துவிட இரண்டு நாள் எடுத்தது. அந்த இரண்டு நாளும் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. முத்தையாவிடம் நாளைக்கு வாங்கோ என்று சொல்கிற வேலை எனக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் பட்டியல் வந்தது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது என்று அக்கா முறைப்பட்டார். இதற்கும் நானா என்று அலுத்துக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கக் குனிந்தேன். அப்போதுதான் கண்டேன். அம்புக்குறிகளைக் காணவில்லை. வரிகள் அந்த இடத்தில் முடியாமல் இன்னும் வலப்பக்கமாக நீண்டு போயின. குடும்பத் தலைவரின் பெயருக்குப் பிறகு, அவரோடு பதிந்த எல்லோருடைய பெயர்களும் இருந்தன. பழைய திரைக்கு அவ்வளவு அகலம் இல்லை; தலைவரின் பெயரோடு வரி நின்றுவிடும். வலது ஓரத்தில் இலட்சுமியைத் தேடும்படி அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வலது ஓரத்தை மட்டும் வாசித்துக்கொண்டு போனார். வழியில் சேர்த்துக்கொண்ட யாரோ ஒருவரின் குடும்பத்தோடு இலட்சுமி, இரண்டு பிள்ளைகள், பெரியமடு. நானாட்டானில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். பதிந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. அதையும் மறைக்காமல் முத்தையாவிடம் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

"மொத நாளே வந்திருச்சுங்களா ஐயா? நான் தெனமும் வந்து கேட்டனே."

சிப்பாயையும் அக்காவையும் கொழும்புப் பெடியனையும் ஒரு கிழமை முழுக்க மனதுக்குள் திட்டித் தீர்த்த நான், மேசைக் காலுக்கடியில் இருந்த கையேட்டை அன்றைக்குத்தான் இழுத்துப் பார்த்தேன்: அம்புக்குறி நின்றால் வலப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது என்று அர்த்தமாம், மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது.