தமிழ் இல்லாமலே வெற்றி

திரையில் முப்பத்தொரு வெற்றுக் கட்டங்கள். எரிச்சல் வந்தால் எதையாவது எண்ணுவது என் வழக்கம், எண்ணிவிட்டேன். தமிழில் ஒரு வரவேற்பு வரி வரவேண்டிய இடம் அது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள், காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியின் கணினி அறை. பின்னால் தலைமையாசிரியை நின்றிருந்தார். பக்கத்தில் என் மைத்துனர், மனைவியின் தம்பி, அதே விசையைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர் கோலார் தங்கவயலில் வளர்ந்தவர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுமுறை நாட்களில் தமிழில் எழுதுவதற்கு ஒரு மென்பொருள் செய்து, மூலநிரலோடு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவந்தார். பாராட்டினவர்கள் உண்டு, பாடம் நடத்தப் பயன்படுத்திய பள்ளி ஒன்றுகூட இல்லை. இந்தப் பள்ளி எடுத்துக்கொண்டால் இதுதான் முதல். அதனால்தான் கணினித் துறையில் இருந்த என்னையும் துணைக்கு அழைத்து வந்திருந்தார்.

மூலநிரலிலிருந்து மென்பொருளைக் கட்டி உருவாக்குவதற்கு முன், அதற்குத் தேவையானவை கணினியில் உள்ளனவா என்று ஒரு சிறு நிரல் தேடிப் பார்க்கும். தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நூலகம், அதாவது அதற்கான நிரல்தொகுப்பு, அங்கே இருந்தது. ஆனால் அதனோடு சேர்த்துக் கட்டுவதற்கான கோப்புகள் தனிப் பொதியாக வருபவை. அவற்றை யாரும் நிறுவவில்லை. தேடிய நிரல், சரி, இல்லை என்று தமிழை விட்டுவிட்டு, மிச்சத்தைக் கட்டிமுடித்து, வெற்றி என்று அறிவித்துவிட்டது. ஆங்கிலம் அழகாக வந்தது.

"என்ன சார், தமிழ் சாஃப்ட்வேர்ல தமிழ் மட்டும் வர்லியே!" என்று தலைமையாசிரியை சிரித்தார். கோபித்திருந்தால்கூடத் தேவலை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்.

தெருவுக்கு வந்ததும் கத்தினேன். "இல்லன்னா அங்கியே நிக்க வேண்டியதுதானே? எதுக்கு சக்சஸ்னு சொல்லுது?"

"நின்னுட்டா யார் மாமா மறுபடி ட்ரை பண்ணுவாங்க? இங்கிலீஷாவது ஓடட்டுமே."

"அதுக்கு உன் சாஃப்ட்வேர் எதுக்குடா?"

"மெதுவா பேசுங்க மாமா, சர்ச்சுக்குப் போறவங்க பாக்கறாங்க."

அன்று மாலையே திருத்தம் எழுதி அனுப்பினேன். கோப்புகள் இல்லையென்றால் கட்டுமானம் நிற்கும்; எதை நிறுவ வேண்டும் என்று சொல்லும். அவர் ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப அனுப்பினேன். தங்கவயல் சுரங்கம் மூடிய பிறகும் அவர்கள் வீட்டில் எதுவும் நின்றதில்லை. பால் இல்லாத நாளில் கடுங்காப்பி வரும், அதைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளை எழுதிய நிரல் வேறு எப்படி இருக்கும்? இது புரிந்தபோதும் எனக்கு எரிச்சல் குறையவில்லை. வீட்டில் காப்பி எப்படி இருக்கிறது என்று குடிப்பவனுக்குத் தெரியும். இங்கே வெற்றி என்று பொய்யல்லவா சொல்கிறது.

கடைசியில் பாதி இறங்கிவந்தார். கட்டுமானம் நிற்காது, ஆனால் முடிவில் ஒரு வரி வரும். தமிழ் சேரவில்லை, உதவிக்கு எழுதவும் என்று, கீழே என் மின்னஞ்சல் முகவரி. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்கதானே மாமா, சொல்லணும் சொல்லணும்னு குதிச்சீங்க?"

இப்போது எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. இன்று காலையும் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருக்கிறார்: ஐயா, எல்லாம் நன்றாக ஓடுகிறது, தமிழ் மட்டும் வரவில்லை. எந்தப் பொதியை நிறுவ வேண்டும் என்று அவருக்குப் பதில் எழுதிவிட்டு, அதே திருத்தத்தை மைத்துனருக்கு மறுபடியும் அனுப்பியிருக்கிறேன்.