பூ பார்க்க ஒரு டிக்கெட்

எங்கள் கம்பெனியில் இந்த வருஷம் ஊட்டிக்கு டூர் போகிறார்கள், மலர்க் கண்காட்சி பார்க்க. பாதிக் காசு கம்பெனி போடும், மீதியைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பேர் கொடுக்கிறவர்கள் கொடுக்கலாம் என்று சூப்பர்வைசர் நோட்டைத் தூக்கிக்கொண்டு கேன்டீனுக்கே வந்துவிட்டார். எங்கள் லைன் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. பூ பார்ப்பதற்கு அவ்வளவு காசா, அதில் ஒரு சுடிதார் எடுக்கலாமே என்று ஒரு கட்சி. ஆயுசில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா என்று இன்னொரு கட்சி. பக்கத்தில் இருந்தவள் என்னைக் கேட்டாள், நீ இந்த மாதிரி எதற்காவது போயிருக்கிறாயா, காசுக்குத் தகுமா என்று. நான் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டேன். அம்மா செத்து நாற்பத்து மூன்று நாள்தான் ஆகிறது, அதனால் இப்படி இருக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். அதுவும்தான். அது மட்டும் இல்லை.

ஒரு தடவை போயிருக்கிறேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம், மாசி மாதம், மெட்ராஸில். எனக்கு அப்போது ஒன்பது வயது.

என்னோடு படித்த ஒருத்தியின் அப்பா தபாலாபீஸில் வேலை பார்த்தார். அவள் ஒருநாள் ரோஸ் கலரில் பாதி கிழித்த டிக்கெட் ஒன்றை ஸ்கூலுக்குக் கொண்டுவந்தாள். மெட்ராஸில் பூக்காட்சி நடக்கிறது, பூவாலேயே ஒரு மயில் செய்து வைத்திருக்கிறார்கள், வீட்டு உயரம் இருக்கிறது என்றாள். டிக்கெட்டைக் கையில் கொடுக்கவில்லை. தள்ளி நின்று காட்டிவிட்டு ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். அன்று சாயந்தரம் நான் தொடங்கிய நச்சரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை. சோறு போட்டால் மயில், தலை வாரினால் மயில்.

இதில் சிரிப்பு என்னவென்றால் என் அம்மாவுக்கு வேலையே பூவில்தான். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு மல்லித் தோட்டம் இருந்தது. இன்று அங்கே கம்பெனி பஸ்கள் நிற்கின்றன. அம்மாவும் சித்தியும் அங்கே கூலிக்குப் பறித்தார்கள். அப்பா லாரியில் போனால் வரும்போதுதான் வருவார். அவர் தரும்போதுதான் தருவார். எங்கள் வீட்டு அரிசி அம்மாவின் பூக்கூலியில் வந்தது.

நான் மெட்ராஸ் மெட்ராஸ் என்று அனத்துவதைக் கேட்டுச் சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "தெனம் பூவுலயே கிடந்து சாவுறோம். அத்தப் பாக்க நாம காசு குடுக்கணுமா? மூள கீள கலங்கிப்போச்சாக்கா உனுக்கு?" என்று அம்மாவைக் கேட்டாள். 

குண்டுமல்லியை மொட்டாகத்தான் பறிக்க வேண்டும். இருட்டு விலகும்போது தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். அப்போதுதான் சாயந்தரம் எங்கேயோ எவள் தலையிலோ அது மலரும். செடியிலேயே மலர்ந்துவிட்டால் விலை கிடையாது. தோட்டத்தில் ஒவ்வொரு பொம்பளைக்கும் ஒரு வரிசை ஒதுக்கியிருப்பார்கள். வரிசை இருந்தால் வேலை இருக்கிறது. நேற்று கண்ணில் படாமல் போன மொட்டு இன்று விரிந்து நின்றால், மேஸ்திரி அந்தச் செடிக்கு முன்னால் நின்றுகொண்டு, இது யார் வரிசை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்பார். அதனால் மலர்ந்த மல்லி என்றால் அம்மாவுக்கு அது ஒரு திட்டு. அவ்வளவுதான்.

அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது மேலே போட்டதெல்லாம் மலர்ந்த உதிரிப்பூ. விலை மலிவு என்று சித்தப்பா மூட்டையாக வாங்கிவந்திருந்தார். அதைப் பார்த்ததும், அம்மா எழுந்து உட்கார்ந்து இது யார் வரிசை என்று கேட்பாள் போல எனக்குத் தோன்றியது. சிரித்துவிட்டேன். சாவு வீட்டில் சிரித்தவள் என்று தெருவில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும்.

பூக்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது என்று அந்தத் தபாலாபீஸ்காரர் மகள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். மாசியில் பூவே கம்மி, அதில் கல்யாணம் வேறு. மேஸ்திரி சனிக்கிழமையே சொல்லிவிட்டார்: "நாளிக்கி வராதவ அப்புறம் எப்பவும் வர வேணாம். வரிசைக்கு ஆளுங்க நின்னுகினு கீறாங்க."

இதைச் சித்தி வந்து என் முகத்துக்கு நேராகத்தான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் அழுதேன். சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். அம்மா தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்திவிட்டுச் சித்தியிடம், மூணு மணிக்கே போய்ப் பாதி வரிசையை முடித்துவிடுகிறேன், மீதியை நீ பார்த்துக்கொள் என்றாள். சித்தி திட்டித் தீர்த்துவிட்டு ஒத்துக்கொண்டாள்.

அப்படித்தான் போனோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தாள். நகக்கண்ணில் இலைக்கறை போகவில்லை. பஸ்ஸில் அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடிகாரம் கட்டியவர்கள் யாரைப் பார்த்தாலும் மணி கேட்டாள். ஏழரை என்றால், சித்தி தன்னுடையதை முடித்திருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எட்டரை என்றால், இப்போது நம்முடையதற்கு வந்திருப்பாள். ஒன்பதே கால் என்று ஒருவர் சொன்னபோது ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் மயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் தோட்டத்திலேயே இருந்தாள்.

வாசலில் பெரிய கூட்டம். டிக்கெட் இரண்டையும் நான்தான் வைத்திருந்தேன். கிழித்துக் கொடுத்ததும் என்னுடைய பாதியைப் பாவாடை நாடாவில் முடிந்துகொண்டேன். உள்ளே போனால் எங்கே பார்த்தாலும் பூ. பேர் தெரியாத பூ, தட்டு அகலத்துக்கு ஒரு பூ, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு அட்டை. முட்டைக்கோஸைக்கூட வரிசையாக வைத்து அதற்கும் பரிசு கொடுத்திருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஓடினேன். அம்மா பூவைவிட அதிகமாக ஆட்களைப் பார்த்தாள். எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார்கள். "இத்தினி பூ நின்னுகினு கீது, இன்னாடீ ஒருத்தருமே கிட்டப் போவல," என்றாள்.

மயில் இருந்தது. வீட்டு உயரமெல்லாம் இல்லை, எங்கள் ஸ்கூல் பீரோ உயரம். கடைசி நாள் என்பதால் சாமந்தி வாடிப் பழுப்பு நிறமாகிவிட்டது. கழுத்தில் கம்பி தெரிந்தது. தோகை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கயிறு கட்டிக் கிட்டே விடவில்லை. எனக்கு அழுகை வந்தது. வேறு பக்கத்தில் இருந்து பார்த்தால் நன்றாக இருக்குமோ என்று அம்மா கையை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்தப் பக்கம் இன்னும் மோசம்.

திரும்பி வந்தபோது அம்மாவைக் காணோம். தள்ளி ஒரு இடத்தில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கால் இடுக்கில் புகுந்து போய்ப் பார்த்தேன்.

அங்கே மல்லித் தொட்டிகள். புதர் மாதிரி வளர்ந்த செடிகள், ஒன்றில் பரிசு ரிப்பன்கூடக் கட்டியிருந்தது. எல்லாச் செடியிலும் சாயந்தரம் விரியப்போகிற வெள்ளை மொட்டு. அம்மா முந்தானையை மடியாகக் கட்டிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையாலும். மூன்று தொட்டி மொட்டையாகியிருந்தது, நாலாவதில் இருந்தாள். திருடுகிறவள் என்றால் அக்கம்பக்கம் பார்ப்பாள். அம்மா செடியை மட்டும்தான் பார்த்தாள். வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டே வந்தது அவள் காதில் விழவேயில்லை. அவர் வந்து தோளைத் தொட்டபோதுதான் கை நின்றது.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறே நீ? பிரைஸ் வாங்கன செடிம்மா அது."

அம்மா அவரிடம் நியாயம் கேட்கிற மாதிரி சொன்னாள்: "மணி பதினொண்ணு தாண்டிடுச்சுங்களே. இதுக்கு மேல வுட்டா மலந்துடும்."

கூட்டம் சிரித்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மலரத்தாம்மா வெச்சிருக்கு என்றார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது அவளுக்கு விளங்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. என் வயசுப் பெண் ஒருத்தி, வெள்ளைக் கவுன் போட்டுக் கையில் ஐஸ்கிரீம் வைத்திருந்தவள், அம்மாவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் பாவாடையும் அம்மா புடவை ஜாக்கெட்டும் ஒரே துணியில் தைத்தது. வாட்ச்மேனும் அதைக் கவனித்திருப்பார் போல.

"பாப்பா, இது உங்கம்மாவா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அம்மா அதைப் பார்த்தாள். பஸ்ஸில் மணி கேட்ட அதே குரலில் வாட்ச்மேனிடம் சொன்னாள்: "எதிர் வூட்டுப் பொண்ணுங்க. பூ பாக்கணும்னு கேட்டுச்சு, இட்டாந்தேன்."

புடவையில் பேட்ஜ் குத்திய கண்காட்சிக்கார அம்மா ஒருத்தர் வந்து பார்த்தார்கள். பறித்த மொட்டை வாங்கி வைத்து நாம் என்ன செய்ய, அனுப்பிவிடு என்று சலித்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் அம்மாவைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நான் பத்தடி பின்னால் எதிர் வீட்டுப் பெண்ணாக நடந்தேன். வெளியே வந்த பிறகும் கிட்டே போகவில்லை. பஸ் ஸ்டாப்பிலும் தள்ளித்தான் நின்றேன். அவளும் கூப்பிடவில்லை. பஸ் வந்ததும் ஏறிவிட்டு, நான் ஏறினேனா என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

தோட்டத்தில் சித்தியால் முடியவில்லை. அம்மாவின் வரிசையில் கால்வாசி செடியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் காலையில் அதெல்லாம் விரிந்திருக்க, மேஸ்திரி அந்த இடத்தில் வேறொருத்தியை நிறுத்தியிருந்தார். அம்மா திரும்பி வந்து, தலைத்துணியை உதறிக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு அவள் செங்கல் சூளைக்குப் போனாள். கம்பெனிகள் வந்த பிறகு கம்பெனியில் கூட்டினாள். பூவுக்குப் போகவேயில்லை.

அதே திங்கட்கிழமை நான் ஸ்கூலில் என் டிக்கெட்டைக் காட்டினேன். மயில் வீட்டு உயரம் இருந்தது, தலையைக்கூட ஆட்டியது என்றேன். சாயந்தரம் தண்ணீர்க் குழாயடியில் அம்மா பொம்பளைகளிடம், என் பொண்ணுதான் இட்டுகினு போச்சு, அந்தக் காசுக்குத் தகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தி குடத்தை இடுப்பில் ஏற்றியபடி, "வரிசைய வுட்டுட்டு வந்து தகும்ன்றா பாரு," என்று பழித்துக்கொண்டு போனாள். வேலை போன வெட்கத்தில் அம்மாவும் என்னை மாதிரியே புளுகுகிறாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்த பஸ்ஸில் நடந்ததை இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே முடித்துவிடப் பார்த்தேன்.

பூந்தமல்லி தாண்டியதும் கூட்டம் இறங்கியது. அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் அந்த மொட்டுகள் அப்படியே இருந்தன. தோட்டத்தில் இருந்து ஒரு பூ வீட்டுக்கு வந்தது கிடையாது, கிளம்பும்போது மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். இப்போது அவள் மடியைப் பிரித்து வைத்துக்கொண்டாள். ஒன்றிரண்டு வாய் திறந்திருந்தன. வாசனைக்கு முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் என்னைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குப் பயம். ஏன் தலையாட்டினாய் என்று. அதனால் நானே முந்திக்கொண்டு, "தண்டம்மா. மயிலு நல்லாவே இல்ல. காசுதான் போச்சு," என்றேன்.

"எனுக்கு நல்லா இருந்துச்சுடீ," என்றாள்.

கொஞ்ச தூரம் போன பிறகு, நான் இருப்பதையே மறந்தவள் மாதிரி பேசினாள். "அல்லாம் செடியிலயே பூத்துக்கினு நின்னுச்சு. ஒருத்தரும் கை வெக்கல. பாத்துகினே இருக்கலாம்னுதான் நின்னேன். இந்தக் கைதான் கேக்கல."

"அங்க மேஸ்திரியே இல்ல போலம்மா," என்றேன்.

அம்மா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். நானும் சிரித்தேன், வேலை தெரியாத மெட்ராஸ்காரர்களைத்தான் அவள் குறை சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.