கெட்ட வார்த்தை இருக்கிற புத்தகம்

என் பேத்தி செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். நான் ஐந்தாவதோடு நின்றவள், அவள் எம்.ஏ. இதைச் சொல்லாமல் எனக்குப் பேச வராது.

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பழைய அமெரிக்க நாவலைத் தமிழில் படிக்கக் கொடுத்தாள். செய்யாத குற்றத்துக்கு ஒரு கறுப்பரைத் தண்டிக்கிற கதை. நானும் எழுத்துக்கூட்டிப் படித்து அழுதேன்.

அதில் வெள்ளைக்காரர்கள் அவரைக் கேவலமான பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அதற்காக ஒரு மாணவனின் அப்பா புகார் கொடுத்தார். இன்றைக்குள் மன்னிப்புக் கடிதம் தராவிட்டால் வேலை இல்லை என்றது பள்ளி.

காலையில் தொண்டூர் பஸ்ஸில் புகார் கொடுத்தவரைப் பார்த்தேன். அவர் அப்பா நிலத்தில்தான் நான் நாற்று நட்டேன்.

"இன்னா கன்னியம்மா, புள்ளைங்க காதுல உழுற வார்த்தையா அது?"

"நீங்க படிச்சீங்களா?"

"அந்தக் கருமத்த எதுக்குப் படிக்கணும்?"

"உங்கப்பா எங்கள ஜாதிப் பேரச் சொல்லிதான் கூப்டுவாரு. நீங்க வரப்புல நின்னு அதையே கத்துவீங்க. அப்ப உங்களுக்கு எட்டு வயசு இருக்கும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பேத்தி வந்தாள். "எழுதிக் குடுத்துட்டேன் ஆயா" என்றாள். இன்னும் சாப்பிடவில்லை.

புகார் கொடுத்தவர் வீட்டுக்குள்ளும் கெட்ட வார்த்தைக்குத் தடை போட்டாயிற்றா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.