தம்மு, உஷாரு, வாயி, காலு

வெயிலில் காய்ந்த மட்டிச் சிப்பிகளைக் கைநிறைய அள்ளினால் முதலில் உள்ளங்கை சுடும், பிறகு அவை சலசலவென்று விரலிடுக்கில் இறங்கும்; அந்தச் சத்தத்தை எங்கே கேட்டாலும் எனக்கு இன்றும் புதிதாக ஓர் ஆளைப் படைக்க வேண்டும்போல் இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குச் சற்றுத் தள்ளியிருந்த எங்கள் குப்பத்தில், ஒரு கோடை விடுமுறை முழுவதையும் நாங்கள் மூன்று பேர் அப்படித்தான் கழித்தோம்.

சென்னையில் ஒரு மாணவர் விடுதியில் வேலை செய்துகொண்டிருந்த என் பெரியம்மா மகன், யாரோ காலிசெய்துவிட்டுப் போன அறையில் கிடந்ததென்று ஒரு பை நிறையப் பகடைகள் கொண்டுவந்தான். ஒன்றுக்கு இருபது முகம். எப்படி ஆடுவதென்று சொல்லும் புத்தகம் இல்லை. "டேபிள சுத்தி உக்காந்துனு, நான் ராஜா, நான் மந்திரவாதினு பேசினே ஆடுவானுங்கடா. அவனவன் ஆளுக்கு பலம் இவ்ளோ, புத்தி இவ்ளோனு பிரிச்சி வெச்சிப்பான். ஒருத்தன் மட்டும் கத சொல்லுவான்," என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

எங்களுக்கு ராஜா வேண்டியிருக்கவில்லை. ஏரிக்குப் போகும் ஆட்கள்தான் வேண்டியிருந்தார்கள். மூவரும் மாறி மாறிக் கதை சொன்னோம், சொல்பவருக்கு "ஏரி" என்று பெயர் வைத்தோம். ஏரி ஒரு சங்கடத்தைச் சொல்லும், மற்றவர்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். ஆளுக்குப் பன்னிரண்டு சிப்பி. அவற்றை நான்கு குணங்களுக்குப் பங்கிட வேண்டும்: வலை இழுக்கத் "தம்மு", காற்றையும் நீரோட்டத்தையும் கண்டுகொள்ள "உஷாரு", வியாபாரியிடம் பேச "வாயி", சேற்றில் புதையாமல் நடக்கக் "காலு". பகடையில் விழுந்ததோடு சிப்பியைக் கூட்டினால் ஏரி சொன்ன எண்ணைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களில் பெரியவனான தேசிங்கு பன்னிரண்டையும் தம்மில் கொட்டினான். வலை சிக்கினால், "இழுக்கறேன்." படகு தரைதட்டினால், "இழுக்கறேன்." வியாபாரி விலையைக் குறைத்தால், "அவன் சட்டையப் புடிச்சி இழுக்கறேன்." ஒவ்வொரு முறையும் அவனே ஜெயித்தான், நாங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தோற்றவனுக்கு ரெண்டு சிப்பி கூடுதலாகத் தரலாம் என்றேன். தந்தும் பார்த்தோம், தேசிங்கு முந்திக்கொண்டு இழுத்தான். எந்தக் குணத்திலும் மூன்றுக்கு மேல் போடக்கூடாது என்று சட்டம் போட்டோம். மூன்று பேரும் ஒரே ஆளாகிப்போனோம், ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது, அந்தச் சட்டத்தையும் தூக்கிப்போட்டோம். சமமாக்குவது வேறு, ஆட்டத்தைச் சாகடிப்பது வேறு என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, எரிச்சல் மட்டும் வந்தது.

அதைச் சரிசெய்தவள் மேகலா, என் வகுப்புக்காரி, எதிர்வீட்டுப் பெண். அந்த வருடம், ஏரியில் காற்றுப் பார்த்து வலை கட்டிவந்த அவள் நைனாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டிருந்தது. "சிப்பி சேத்துக் குடுத்தா இன்னா ஆவும்? தோத்தவனுக்கும் ஒரு மொற வரணும்," என்றாள். எங்கள் ஏரியில் வலை கட்டும் இடத்துக்குப் "பாடு" என்று பெயர். மீன் மண்டும் பாடும் உண்டு, வெறும் பாசி ஏறும் பாடும் உண்டு. அதனால் குப்பத்தார் கோயில் முன்னால் கூடிச் சீட்டுக் குலுக்கி, இன்று உனக்கு நல்லது, நாளை எனக்கு என்று முறைவைத்துப் போவார்கள். மேகலா அதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவந்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஏரி ஒரு பகடை போட்டு இடத்தைக் குலுக்கும். முகத்துவாரம் விழுந்தால் அங்கே உஷாருதான் செல்லும், சேற்றுத்திட்டில் காலு, கரையில் ஏலம் என்றால் வாயி, வலைப்பாட்டில் மட்டும் தம்மு.

தேசிங்கின் ஆள் முதல் சுற்றிலேயே சேற்றில் இடுப்பளவு புதைந்து, "யாராவது இழுங்கடா" என்று கத்த, நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவனும் சிப்பிகளை மாற்றிப் பிரிக்கத் தொடங்கினான். மேகலாவின் ஆளுக்குத் தம்மு சுத்தமாக இல்லை, உஷாரு மட்டும் ஒன்பது. ஒரு நாள் முகத்துவாரத்தில் காற்று திரும்புவதை அந்த ஆள் முன்கூட்டியே பார்த்துச் சொல்லி எங்கள் எல்லோரையும் கரைசேர்த்தான். அது யார் என்று நாங்கள் கேட்கவில்லை, தெரிந்தே இருந்தது. அவள் வீட்டில் போய்ச் சொன்னாளாம். நைனா பாதி முகத்தால் சிரித்தாராம்.

விடுமுறை முடியும் நேரத்தில் சீட்டுக் குலுக்கும் கூட்டம் வந்தது. நைனாவின் பெயர் சீட்டில் இருக்குமா என்பதுதான் அந்த வீட்டில் வாரக்கணக்காகப் பேச்சு. அவர் படகில் ஏற முடியாது. மேகலாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. கூட்டத்தின் ஓரத்தில் நானும் தேசிங்கும் நின்றோம். அந்த வீட்டு முறையை நிறுத்துவதாகப் பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னதும் மேகலா முன்னால் போய்விட்டாள்.

"எங்க நைனா மொறைக்கு நான் போறேன். காத்து எனக்குத் தெரியும், நைனா சொல்லிக் குடுத்துக்கீறாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பெரியவர் கனிவாகத்தான் பேசினார். "பாடு ஆம்பளைக்குத்தான் கண்ணு. நாங்களா வெச்சோம்? வெச்சவங்க வெச்சிட்டுப் போய்ட்டாங்கோ. ஒங்க வூட்டுக்கு மீனு குடுத்துடறோம், பட்டினி போட மாட்டோம்."

"மீனு வாணாம், மொற குடுங்க," என்றாள். சீட்டுகள் குலுங்கத் தொடங்கிவிட்டன.

மறுநாள் நான் என் சிப்பிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் அவள் முன் வைத்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் தொடவில்லை. நாங்கள் நான்கு குணங்களைத்தான் யோசித்து வைத்திருந்தோம். ஐந்தாவதாக ஒன்று இருந்ததும், எந்த இடம் விழுந்தாலும் அதுதான் செல்லும் என்பதும், ஒரு சிப்பிகூடச் செலவில்லாமல் அது எனக்கும் தேசிங்குக்கும் பிறக்கும்போதே வாய்த்திருந்தது என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை நாங்கள் ஆடவில்லை.

இப்போது சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து இப்படிப்பட்ட ஆட்டங்கள் ஆடுகிறோம். நானே ஏரியை வைத்து ஒன்று அமைத்திருக்கிறேன். எந்தக் குணமும் வீணாகாமல் எப்படி அமைத்தாய் என்று கேட்பவர்களிடம் மேகலாவின் பெயரைச் சொல்கிறேன். அந்தப் பகடைகள் எங்கோ தொலைந்துபோயின. நைனாவும் போய்விட்டார். குப்பத்தில் சீட்டு இன்னும் குலுக்குகிறார்கள். அந்த வீட்டின் பெயர் மட்டும் அதில் வருவதில்லை.

மேகலா லைட்ஹவுஸ் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு அங்கே மீன் காயவைக்கிறாள். போன வாரம் போனில் அவளுக்கு என் ஆட்டத்தின் சட்டங்களை முழுக்கப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தக் குலுக்கல்ல பொண்ணு பேரு எழுதலாமா?"

"எழுதலாம்."



"அப்போ மொத வரியிலயே போட்டுடு," என்றாள், "இது வெளையாட்டுனு."