கோலத்தைச் சுற்றிப் போன கார்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் நடந்த முதல் கார் பந்தயத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு கதை உலவுகிறது: அம்மனே நேரில் வந்து வண்டிகளைத் திருப்பிவிட்டாள் என்று. தினமும் அவளுக்கு விளக்கேற்றுகிறவள் நான். அவள் பெயரால் ஓடுகிற கதையைத் திருத்த நான் யார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தப் பழைய கோலமாவு டப்பா என் கைக்குத் திரும்பி வந்தது. இனியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் கணவரின் அண்ணன், எனக்கு மூத்தார், விழுப்புரம் ரோட்டில் கார் பட்டறை வைத்திருந்தார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கிய கொல்லையில் வட்டமாகப் பாதை வெட்டிப் பந்தயம் நடத்தப் போகிறேன் என்று கிளம்பினார். சிரிக்காதவர்கள் இல்லை. கொல்லைக்காரர் சம்மதித்துவிட்டார், அவர் மனைவி சம்மதிக்கவில்லை. பந்தயத்தன்று காலையில் அந்த அக்கா ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பாதை ஓரத்தில் வந்து நின்றார்.

"கண்ணு மண்ணு தெரியாம ஓட்றவனுங்க. எம்புள்ளைங்க மேல ஏத்திட்டான்னா? ஒருத்தன் தாறுமாறா போனாலும் நிறுத்திட்டு நாளைக்கே ஏர் பூட்டிடுவேன், ஆமா."

அன்று நின்றுபோனால் வேறு எந்த ஊரும் மூத்தாரை நம்பி நிலம் தராது. அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இந்தப் பதற்றத்தில், கோடு போட வைத்திருந்த சுண்ணாம்பு வேறு முந்தின வார மழையில் நனைந்து கட்டியாகிக் கிடந்தது.

"ஏம்மா, கோலமாவு இருக்குதா? ஜல்தியா எடுத்தாந்து ஒரு கோடு இழு" என்றார் என்னிடம்.

கோடுதான் இழுத்தேன். பழகின கை அதோடு நிற்குமா? பக்கத்தில் இன்னொரு கோடு, முனையில் பூ, சுற்றிலும் காவி என்று பாதையை அடைத்துப் படிக்கோலமே போட்டுவிட்டேன். கொடி அசைந்தது. கதவு கழற்றிய அம்பாசிடரில் முன்னால் நின்றவன், விழுப்புரத்தில் வேன் ஓட்டுகிற பையன், உறுமிக்கொண்டு வந்து கோலத்துக்கு முன்னால் சடாரென்று ஸ்டியரிங்கை ஒடித்தான். பின்னால் வந்தவர்களும் ஒடித்தார்கள். பிரகாரம் சுற்றுகிற மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கோலத்தைச் சுற்றிக்கொண்டு வரப்போரம் போய் நின்றார்கள். ஜனங்கள் சிரித்த சிரிப்பில் மைக் சத்தமே கேட்கவில்லை.

"ஏன்டா திருப்பின?" என்று மூத்தார் கத்தினார்.

"கோலத்து மேல எப்டிண்ணே ஏத்தறது? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா செருப்பு பிஞ்சிடும்ணே!"

மூத்தார் ஒரு நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன தோன்றியதோ, நேராக அந்த அக்காவிடம் போனார். "பாத்துக்கம்மா. மாவுல போட்ட கோலத்துக்கே ஒதுங்கினு போறானுங்க. உம்புள்ளைங்க மேலயா ஏத்திடுவானுங்க?"

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "செரி, ஓட்டுங்க. ஆனா எப்பவும் மொதல்ல கோலத்த சுத்தினு வரணும். அப்பறந்தான் பந்தயம்."

தண்ணீர் தெளித்து நானே கோலத்தைக் கலைத்தேன். மறுபடி கொடி அசைந்தது. அந்தப் புழுதியும் விசிலும், தோளில் பிள்ளையோடு அக்கா குதித்ததும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன.

அதற்குப் பிறகு ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் சென்னைப் பக்கம் தார் போட்ட பெரிய பந்தயத் திடலுக்கே தலைமை நிர்வாகியானார் மூத்தார். ஏசி அறையிலும் ஹெல்மெட்டுகளுக்கு நடுவே, அன்று என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்ட கோலமாவு டப்பா இருந்தது. "பாக்க வந்தவன் பத்திரமா வூடு போய்ச் சேர்றதும் பந்தயந்தாம்மா" என்பார். நிறைந்த வயதில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் அந்தத் திடலுக்கு என்னை அழைத்துக் கோலம் போடச் சொன்னார்கள். பேர் தெரியாத கார்கள், முகம் தெரியாத பையன்கள். கோலத்தருகே வந்ததும் எல்லா வண்டியும் பூனை மாதிரி நடந்தது. டப்பாவை என்னிடமே கொடுத்து அனுப்பினார்கள். இப்போது பூஜை அலமாரியில், விளக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது.

படிப்பவர்கள் இதை யாரிடம் சொன்னாலும் இப்படியே சொல்லுங்கள். அம்மன் வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள் என்று சேர்க்க வேண்டாம். கோலம் போட்டது என் கை, ஒதுங்கிப் போனது நம் பையன்கள். அந்த மனசை அவர்களுக்குக் கொடுத்தாளே, அவள் பெருமைக்கு அதுவே போதும்.