கயிற்றில் சொல்லாத பத்தொன்பது

1957 பெப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். காற்றில்லை. மணல் பனியில் நனைந்து குளிர்ந்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது. நிமிடம்வரை சொல்ல முடிவதற்குக் காரணம், சம்மாட்டியாரிடம் நான் இரண்டு தடவை மணி கேட்டதுதான். மன்னாருக்குத் தெற்கே எங்கள் கரையில் வலையும் தோணியும் அவருடையவை. கைக்கடிகாரமும் அவரிடம் மட்டுமே இருந்தது. எனக்குப் பதினொரு வயது. சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாள்.

சனிக்கிழமை பட்டினத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு நேர்முகத் தேர்வு. இலவச விடுதி இடம் ஒன்றே ஒன்று. கிடைத்தால் ஆங்கிலப் படிப்பு. கிடைக்காவிட்டால் ஐந்தாம் வகுப்போடு, கரையில் நின்று கயிறு இழுக்கும் கரைவலை. தேர்வுக்கென்று எங்கள் தலைமை வாத்தியார் ஒரு கொப்பி தந்திருந்தார். அதில் நாற்பத்தாறு ஆங்கில வினைகள், எல்லாம் துண்டு துண்டானவை. முன் துண்டு எனக்குத் தெரிந்ததுதான்: கொடு, வை, எடு, கொண்டு வா. பின்னால் ஒட்டுகிற சின்னத் துண்டில்தான் வில்லங்கம். கொண்டு வா என்பதோடு மேலே என்பதை ஒட்டி 'பிறிங் அப்' என்றால் பிள்ளை வளர்க்கலாம், கூட்டத்தில் ஒரு கதையைக் கிளப்பலாம், தின்றதை வாந்தியும் எடுக்கலாம். நாற்பத்தாறுக்கும் சேர்த்து நூற்றிப் பன்னிரண்டு பொருள். மூன்று தரம் எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. மூன்று வாரம் படித்தும் தலையில் நின்றவை முப்பத்தொன்று.

அன்று கயிற்றடியில் கொப்பியோடு உட்கார்ந்திருந்த என்னை மாமா கண்டார். அம்மாவின் தம்பி. எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு காலத்தில் சொந்தத் தோணி வைத்திருந்தவர்; அது ஒரு வாடைக்காற்றில் போனபிறகு சம்மாட்டியாரின் கயிற்றில் அம்பா பாட வந்தவர். அம்பா என்பது வலை இழுக்கும் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் ஒரே இழுப்பில் பதில் சொல்வார்கள்.

"என்னடா மருமோன், முகம் காய்ஞ்ச திருக்கை மாதிரிக் கிடக்கு?"

சொன்னேன்.

"எத்தினை மிச்சம்?"

"எண்பத்தொண்டு."

"அவ்வளவுதானே? கயித்தைப் பிடி. நீ இங்கிலீசைச் சொல்லு, நாங்கள் தமிழை இழுக்கிறம்."

கயிற்றுக்குப் பதினான்கு பேராக இரண்டு கயிறு. முதல் சுற்றில் கொப்பியைப் பார்த்து நானே இரண்டையும் கத்தினேன். இரண்டாம் சுற்றில் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"புட் அவுட்!"

"விளக்கை நூர், ஏலோ!"

"புட் ஓஃப்!"

"நாளைக்குப் பாப்பம், ஏலோ!"

"பிறிங் அப்!"

"பிள்ளையை வளர், ஏலோ!"

மூன்றாவது 'பிறிங் அப்'புக்கு இருபத்தெட்டுப் பேரும் சேர்ந்து வாந்தி எடுத்தார்கள். கயிறு சுற்றிக்கொண்டிருந்த என் ஒன்றுவிட்ட அண்ணன் சிரித்து மணலில் விழுந்தார். அவருக்குப் பதினேழு வயது.

"தம்பி, இவ்வளவையும் வெள்ளைக்காரன் ஒரு சொல்லுக்குள்ள அடைச்சவனோ? பொல்லாத கஞ்சன்!"

ஏழு மணி ஐந்துக்கு 'ரன் அவுட்' வந்தது. "தீர்ந்து போச்சு, ஏலோ!" என்று இருபத்தெட்டுத் தொண்டைகளும் பாடின. வாடிக் குடிலுக்குள் இருந்த சம்மாட்டியார் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"ஆரடா என்ர கயித்தில தீர்ந்து போச்செண்டவன்?"

எங்கள் கரையில் கயிறு கையில் இருக்கும்போது இழப்பைச் சொல்லும் சொல் எதையும் வாயில் எடுக்கக் கூடாது. இல்லை, போச்சு, முடிஞ்சுது, விடு, ஒன்றும் ஆகாது. மீன் சேரும் வலை மடி வெறுமையாய் வந்தாலும் நிறைவு என்றுதான் சொல்வார்கள். அன்று பாட்டு வேகத்தில் எல்லாருக்கும் மறந்துவிட்டது.

"இங்கிலீசு, சம்மாட்டியார். பிள்ளைக்குச் சோதினை," என்றார் மாமா.

"மீனுக்கு இங்கிலீசு விளங்காதெண்டு உனக்கு ஆர் சொன்னது? நிப்பாட்டு!"

இந்தக் கயிறு நின்றால் சனிக்கிழமையும் நின்றது. மாமா இழுப்பை விடாமலே பேரம் பேசினார். கெட்ட சொற்களை எடுத்துவிடுவது, நல்லவற்றை மட்டும் பாடுவது, மடியில் மீன் குறைந்தால் நாளைமுதல் ஆங்கிலமே இல்லை என்பது. சம்மாட்டியார் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார். சரி என்றார்.

அன்று பதினொரு கூடை கீரிமீன் பட்டது. புதன்கிழமை காலை சம்மாட்டியாரே, "எங்க அந்த இங்கிலீசுக்காரன்?" என்று தேடி வந்தார்.

எடுத்துவிட்ட பொருள்களுக்கு நான் கொப்பியில் சிவப்புப் புள்ளி இட்டேன். தீர்ந்துபோதல், பழுதாகி நிற்றல், கைவிடுதல், நம்பினவனை ஏமாற்றுதல், விட்டுவிட்டு வருதல், வெடித்துச் சிதறுதல் என்று மொத்தம் பத்தொன்பது. வெள்ளிக்கிழமைக்குள் தொண்ணூற்று மூன்றும் என் உடம்புக்குள் போய்விட்டன. மற்றவை ஒன்றும் நிற்கவில்லை. இரவு மாமாவிடம் போனேன்.

"மாமா, பத்தொன்பது மிச்சம்."

"அதுகளை நீ பாடமாக்கத் தேவையில்லை. தன்பாட்டில வரும்."

எனக்குக் கோபம் வந்தது. அ, ஆ தெரியாத மனுசனுக்கு ஆங்கிலத்தின் வில்லங்கம் என்ன தெரியும் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மாமாதான் என்னைக் கூட்டிப்போனார். பள்ளிக்கூடத்துப் பாதிரியாரான சுவாமியார் என் கொப்பியை வாங்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் இருந்தார். 'புட் அப் வித்' என்று கேட்டார். தெரியும், வாயில் வரவில்லை. கையில் கயிறு இல்லை. கடைசியில் காலை ஊன்றி, கயிறு இழுப்பதுபோல் இரண்டு கையையும் இடுப்புக்கு இழுத்து ஓரடி பின்னால் போனேன். "பொறுத்துக்கொள்" என்று வந்தது. "ஏலோ"வும் வந்துவிட்டது.

"ஏன் தம்பி பின்னுக்குப் போறீர்?" என்றார். அடுத்ததற்கும் ஓரடி பின்னால் போய்ச் சரியாகச் சொன்னேன். முதுகு அலுமாரியில் முட்டியது. மூன்றாவதாக அவர் கேட்டது 'கிவ் அப்'.

சிவப்புப் புள்ளி ஞாபகம் வந்தது. பொருள் வரவில்லை.

"அது கயித்தில சொல்லக் கூடாது, சுவாமி."

அவர் விளக்கம் கேட்டார். கயிறு, சம்மாட்டியார், பதினொரு கூடை, பத்தொன்பது, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் வாசலைப் பார்த்தார். அங்கே மாமா செருப்பில்லாத கால்களோடு, உள்ளே வராமல் நின்றிருந்தார்.

"அப்ப அதை இங்க வந்து படியும்," என்று கொப்பியை மூடினார்.

விடுதியில் முதல் தவணையிலேயே பத்தொன்பதையும் பாடமாக்கிவிட்டேன். பரீட்சையில் ஒன்றும் பிழைக்கவில்லை. மாமா சொன்னது பொய்த்துவிட்டது என்று கணக்கையும் மூடினேன்.

போர் முடிந்து மீள்குடியேற்றத்தில் ஊர் திரும்பியபோது எனக்கு அறுபத்து நான்கு வயது. மாமா போய்ச் சேர்ந்து வெகுகாலம். கூடாரங்களுக்குள் இழப்புப் படிவங்கள் வந்தன. ஆங்கிலத்தில் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன். முப்பத்தேழு குடும்பங்களுக்கு எழுதினேன். எதை விட்டுவிட்டு வந்தார்கள், எது வெடித்துச் சிதறியது, எந்த நாளில் தண்ணீர் தீர்ந்தது. முப்பத்தேழாவது படிவத்தில் கையை நிறுத்தி எண்ணினேன். பத்தொன்பதில் பதினாறு வந்திருந்தன. தேட வேண்டியிருக்கவில்லை, தன்பாட்டில்தான் வந்தன. சொந்தத் தோணியை இழந்து பிறர் கயிற்றைப் பிடித்திருந்த மனுசனுக்கு எழுத்து ஒன்றைத் தவிர எல்லாம் தெரிந்திருந்தது என்பது பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை.

அந்த மாசியில் எங்கள் கரையில் மறுபடி வலை போட்டார்கள். கயிற்றுக்கு ஒன்பது பேர்தான். ஒன்றுவிட்ட அண்ணன் பல்லில்லாத வாயால் சிரித்தார்.

"தம்பி, அந்த வாந்திப் பாட்டைப் போடும் பாப்பம்."

கயிற்றைப் பிடித்தேன். தொண்ணூற்று மூன்றில் எண்பத்தெட்டு வந்தது. சிவப்புப் புள்ளிகள் வந்த இடங்களைத் தாண்டிப் பாடினேன். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மடியில் நான்கு கூடை. நிறைவு என்றார் அண்ணன், நானும் அதையே சொன்னேன்.

மறுநாள் தோள் தூக்க முடியவில்லை. உயிலங்குளத்து நாட்டு வைத்தியப் பரியாரியிடம் போய்வர பஸ் எழுபத்தாறு, எண்ணெய் நூற்றியெண்பது. ஆக மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு ரூபா.