கடல் தாண்டிய விதை

தாராபுரம் பக்கம் ஒரு விதைப் பருத்திக் காடு. மறுநாள் காலையில் வேறு இனத்து மகரந்தத்தைத் தொட்டுவைப்பதற்காக, மொட்டுகளின் ஆண் பாகத்தைக் கிள்ளிவிட்டு, அடையாளத்துக்குச் சிவப்புக் காகிதம் மாட்டிக்கொண்டிருந்தார் ஒரு அம்மா. ஒல்லியான உடம்பு, மஞ்சள் கறையேறிய நகங்கள். ரோட்டில் பஸ் சத்தம் கேட்டால் மட்டும் விரல்கள் நின்றுவிடும்.

தாவரவியல் வாத்தியாரான நான் சும்மா இருக்காமல் சொன்னேன்: "இந்தப் பருத்தியே கலப்புல பொறந்ததுதானுங்கம்மா. மனுசன் வாரதுக்கு முன்னாலயே ஒரு விதை கடல் தாண்டிப் போயி, அங்கிருந்த வேற இனத்தோட சேர்ந்துருச்சுங்க."

"திரும்பி வரலீங்களா?"

"அது வரலீங்க. அதோட வம்சந்தான் பல லட்சம் வருசம் கழிச்சு இங்க வந்துச்சு."

"அத்தன காலம் நம்மால காத்திருக்க முடியாதுங்க" என்று சிரித்தார்.

யாருக்காக என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் சத்தம் கேட்டது. விரல்கள் நின்றன. பஸ் நிற்காமல் போனது. நானும் கேட்கவில்லை.